முப்பத்தொன்பது நிமிஷம்

பிச்சையா: பத்து மணிக்குத்தான வரச் சொன்னிய? இந்தா பாருங்க சாமி, என் கடியாரத்துல இன்னும் பத்தே ஆவல.

அனந்தநாராயணன்: அது பம்பாய் டைம், பிச்சையா. நான் சொன்னது ஸ்டாண்டர்ட் டைம் பத்து. பம்பாய் டைமுக்கு முப்பத்தொம்பது நிமிஷம் முன்னாடி ஓடும் அது; பத்து எப்பவோ ஆயாச்சு.

பிச்சையா: தாராவியில எவன் ஸ்டாண்டர்ட் டைம் பாக்கான்? முனிசிபாலிட்டியே பம்பாய் டைம்தான்.

அனந்தநாராயணன்: நான் ரயில்வே குமாஸ்தாப்பா. எங்காத்துக் கடிகாரம் பதினேழு வருஷமா ஸ்டாண்டர்ட் டைம்தான். நாக்பூர் வண்டியும் ஸ்டாண்டர்ட் பன்னண்டே முக்காலுக்கு வி.டி. ஸ்டேஷனை விட்டுடும். ஷ்யாமளாவை அதுல ஏத்தணும்.

பிச்சையா: யாரு, பாப்பாவையா? வந்து ஒரு மாசங்கூட இருக்காதே... அதுக்குள்ள மாமியா வீட்டுக்கா?

அனந்தநாராயணன்: ம்... நீ வண்டியைப் பாரு.

பிச்சையா: உங்க ஆபீசு துரை சீமைக்குப் போகையில உங்களுக்கு விட்டுட்டுப் போன வண்டியில்லா. நல்லாத்தான ஓடிச்சு. இப்ப என்ன செய்யுது?

அனந்தநாராயணன்: ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்கறது.

பிச்சையா: நேத்து?

அனந்தநாராயணன்: நேத்து... ஓடித்து.

பிச்சையா: பானட்டத் தூக்குங்க... ம்ம். டைமிங் மாறிக் கெடக்கு சாமி. பொறி போடுத டிஸ்ட்ரிபூட்டரப் பிடிச்சிருக்க ஸ்க்ரூவ யாரோ லூசாக்கித் திருப்பியிருக்காவ. பொறி விழ வேண்டிய நேரத்துல விழல.

அனந்தநாராயணன்: எலியா இருக்குமோ?

பிச்சையா: எலி ஸ்பானர் பிடிக்குமா?

அனந்தநாராயணன்: பம்பாய் எலிடா. என்ன வேணா பண்ணும்.

பிச்சையா: சரி, எலியே பண்ணட்டும். ஒண்ணாம் நம்பர் ப்ளக்கக் கழத்திட்டேன். அந்த ஓட்டைய உங்க பெருவிரலால அடைச்சுக்கிடுங்க. நான் முன்னால நின்னு ஹேண்டில மெதுவா சுத்துதேன். பிஸ்டன் ரெண்டு தடவ மேல வரும். ஒரு தடவ காத்து உங்க விரலத் தள்ளும், மறு தடவ தள்ளாது. தள்ளுத தடவதான் நமக்கு வேணும். உடனே சொல்லணும்.

அனந்தநாராயணன்: ஆகட்டும்.

பிச்சையா: தள்ளுதா? சாமி, தள்ளுதா?

அனந்தநாராயணன்: ஆங்... இப்ப... இப்ப தள்ளறது.

பிச்சையா: நெசமாவா? ஹேண்டில் லேசாத்தான இருக்கு.

அனந்தநாராயணன்: என் விரலா உன் விரலா? தள்ளறதுன்னா தள்ளறது.

பிச்சையா: கோவிக்காதிய. இப்ப டிஸ்ட்ரிபூட்டருக்குள்ள இருக்க பாயிண்டு ரெண்டுக்கும் நடுவுல இந்த சிகரெட் பேப்பர வைக்கேன். டிஸ்ட்ரிபூட்டரத் திருப்பிக்கிட்டே வந்தா, பேப்பர் எந்த எடத்துல லூசாகிக் கையோட வருதோ, அங்கதான் பொறி... இந்தா வந்துட்டு. டைட் பண்ணியாச்சு. ப்ளக்க மாட்டியாச்சு. சுவிட்சப் போடுங்க. சுத்துதேன்.

அனந்தநாராயணன்: ஐயோ!

வாலாம்பாள்: ஏன்னா! அதென்ன வெடி? மாடி ஜன்னலெல்லாம் ஆடறது!

அனந்தநாராயணன்: ஒண்ணுமில்லே வாலா, மிஸ்திரி டைமிங் வைக்கறான். நீ மேலேயே இரு.

பிச்சையா: இதென்ன கூத்து? காத்து வார பக்கமா வெடிக்கி. ஒரு சுத்து தப்பா நிக்கிது போல. மறுபடியும் விரல வைங்க சாமி.

அனந்தநாராயணன்: வச்சாச்சு... ம்... தள்ளறது!

பிச்சையா: இன்னும் நான் சுத்தவே ஆரம்பிக்கலயே.

அனந்தநாராயணன்: அப்படியா... காத்து ஏதோ அடிச்சுதே.

பிச்சையா: அது கடக்காத்து சாமி. இப்ப சுத்துதேன்.

அனந்தநாராயணன்: இப்ப... இல்லே... ஆமா, இப்பத்தான்.

பிச்சையா: எனக்கு மண்டை சுத்துது. சரி, போடுங்க சுவிட்ச.

வாலாம்பாள்: மறுபடியும் வெடியா! ஷ்யாமளா பயந்து போயிட்டா!

அனந்தநாராயணன்: வாலா, மணி என்ன ஆச்சு? என் ரிஸ்ட் வாட்ச்தான் ரிப்பேருக்குப் போயிருக்கே.

வாலாம்பாள்: மணியா... இருங்கோ... பத்து ஐம்பத்தஞ்சு!

அனந்தநாராயணன்: அவ்வளவுதானா?

வாலாம்பாள்: ஏன், சீக்கிரம் ஆகணுமா?

அனந்தநாராயணன்: இல்லையில்லே... நிறைய நேரம் இருக்கேன்னு சொன்னேன். இவன் வந்து ஒரு யுகம் ஆன மாதிரி இருந்தது எனக்கு.

பிச்சையா: சாமி, ஒண்ணு சொல்லட்டுமா? கிங்ஸ் சர்க்கிள்ல டாக்ஸி வரிசையா நிக்கிது. நான் போயி ஒண்ணக் கூட்டியாரேன். பாப்பாவ ஏத்தி விட்டுட்டு வாங்க. இத நான் நிதானமா பாத்து வைக்கேன்.

அனந்தநாராயணன்: டாக்ஸி வேண்டாம்!

வாலாம்பாள்: டாக்ஸியெல்லாம் வேண்டாம்!

பிச்சையா: ஏன்மா, மாடியிலருந்து நீங்களுமா? டாக்ஸின்னா என்ன?

வாலாம்பாள்: அதுக்கில்லேப்பா... எனக்கு டாக்ஸி நாத்தம் ஆகாது. தலையைச் சுத்தும்.

அனந்தநாராயணன்: நீயா போகப்போறே?

வாலாம்பாள்: நாத்தம் மேலே வரைக்கும் வருமேன்னா.

பிச்சையா: என்னமோ, உங்க ரெண்டு பேரு பேச்சும் எனக்குப் புரியல. விரல எடுங்க, இந்தத் தடவ நானே பாத்துக்கிடுதேன்.

அனந்தநாராயணன்: ஒருத்தனே ஹேண்டிலும் சுத்தி விரலும் வைக்க முடியுமா?

பிச்சையா: ஓட்டையில துணிய அமுக்கி வச்சுட்டுச் சுத்தினா, காத்து தள்ளுதப்ப துணி தானா தெறிச்சு விழும். ஆள் இல்லாதப்ப அப்படித்தான் பாப்போம்.

அனந்தநாராயணன்: அப்படி ஒரு வழி இருக்கா... முன்னாடியே சொல்லப்படாதோ.

பிச்சையா: இந்தா, துணி தெறிச்சுட்டு. பேப்பர வச்சாச்சு... டைட் பண்ணியாச்சு. யாரு, பாப்பாவா? மோரா? அங்ஙன வை தாயி, எனக்குக் கையெல்லாம் கிரீசு... அதென்ன தாயி, முழங்கையில?

அனந்தநாராயணன்: அது... அப்பளம் பொரிக்கறச்சே எண்ணெய் தெறிச்சுடுத்தாம். நாக்பூர்ல.

பிச்சையா: எண்ணெயா.

அனந்தநாராயணன்: அப்படித்தான் சொன்னா. நீ மேலே போம்மா ஷ்யாமளா.

பிச்சையா: போ தாயி, பாத்துப் போ.

அனந்தநாராயணன்: என்ன பிச்சையா, மோரைக் குடிச்சுண்டே எங்கே பார்க்கறே?

பிச்சையா: ஒண்ணுமில்ல சாமி. பின்னால டிக்கியில பெட்ரோல் டப்பா இருக்கா பாருங்க.

அனந்தநாராயணன்: ரேஷன் பெட்ரோலைக் கேனில வேற வச்சிருப்பேனா... ஒண்ணும் இல்லேப்பா இங்கே.

பிச்சையா: சரி விடுங்க. சுவிட்சப் போடுங்க. சுத்துதேன்.

அனந்தநாராயணன்: ...என்னது, சத்தமே காணோம்?

பிச்சையா: ஆமா, காணோம்.

அனந்தநாராயணன்: வெடி கூட இல்லையே!

பிச்சையா: வெடிக்கணுமா சாமி?

அனந்தநாராயணன்: இல்லே... முன்னாடி வெடிச்சுதேன்னு கேட்டேன். நீ சரியா வச்சேன்னா ஓடணும், தப்பா வச்சேன்னா வெடிக்கணும். இது ரெண்டுமில்லாம பிணமாட்டம் கிடக்கே, எப்படி?

பிச்சையா: எனக்கும் ஒண்ணும் பிடிபடல. இன்னும் கொஞ்சம் சுத்திப் பாக்கேன்.

அனந்தநாராயணன்: பாரு, பாரு... அரை மணியா சுத்திண்டே இருக்கியே, கை வலிக்கலையா? வாலா! இப்ப மணி?

வாலாம்பாள்: பன்னண்டு பத்து! இன்னும் நேரம் இருக்கு, அவசரப்படாம பாருங்கோ!

அனந்தநாராயணன்: பன்னண்டு பத்தா... உன் கடியாரத்துல என்ன, பிச்சையா?

பிச்சையா: பன்னண்டு பத்து.

அனந்தநாராயணன்: சரியாப் பாரு.

பிச்சையா: பன்னண்டு பத்துதான் சாமி.

அனந்தநாராயணன்: அதெப்படி? உன்னோடது பம்பாய் டைம். எங்காத்துது ஸ்டாண்டர்ட் டைம். நடுவுல முப்பத்தொம்பது நிமிஷம் இடிக்கணுமே. ரெண்டும் எப்படிடா ஒண்ணா காட்டும்?

பிச்சையா: என்ட்ட கேட்டா? என் கடியாரம் காலையில நீங்க பாத்த கடியாரந்தான்.

அனந்தநாராயணன்: அப்போ ஸ்டாண்டர்ட்ல இப்ப... பன்னண்டு நாப்பத்தொம்பது. வண்டி போயாச்சு! வாலா! கீழே வா!

வாலாம்பாள்: எதுக்கு இப்படிக் கத்தறேள்? வந்துட்டேன்.

அனந்தநாராயணன்: கடிகாரத்தை என்ன பண்ணினே?

வாலாம்பாள்: தூசி துடைச்சேன்.

அனந்தநாராயணன்: தூசி துடைச்சா முள்ளு முப்பத்தொம்பது நிமிஷம் பின்னாடி போகுமா? கணக்காப் போகுமா?

வாலாம்பாள்: ...நீங்க கீழே இறங்கினதும் நான்தான் திருப்பி வச்சேன். திட்டுங்கோ. அவளை அனுப்பறேன்னு சம்பந்திக்கு லெட்டர் போட்டேளே, வாக்குக் கொடுத்துட்டேன்னேளே, உங்ககிட்ட வாயைத் திறந்து எப்படிச் சொல்லுவேன்? எண்ணெய் தெறிச்சா புள்ளி புள்ளியா இருக்கும்னா. அவ கையில மூணு வரி. இடுக்கியைக் காய்ச்சி வச்சிருக்கா.

அனந்தநாராயணன்: தெரியும்.

வாலாம்பாள்: என்னது?

அனந்தநாராயணன்: வந்த அன்னைக்கே பார்த்தேன். நீதானே நாலு பேர் என்ன சொல்லுவான்னு பெட்டியைக் கட்டினே? உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். தெரிஞ்சா தாங்கமாட்டேன்னு...

வாலாம்பாள்: நீங்க லெட்டர் போட்டேள்னுதானே நான் பெட்டி கட்டினேன்!

அனந்தநாராயணன்: நீ பெட்டி கட்டறேன்னுதானே நான் ராத்திரியோட ராத்திரியா ஸ்பானரை எடுத்துண்டு வந்தேன்!

வாலாம்பாள்: ஸ்பானரா?

பிச்சையா: அந்த எலி இவியதான் அம்மா.

வாலாம்பாள்: ஏன்னா... நீங்களா?

அனந்தநாராயணன்: விரல்லேயும் பொய் சொன்னேன். காத்து தள்ளாதப்போ தள்ளறதுன்னேன். எனக்கு அவளை அனுப்ப மனசில்லே, வாலா. அவ்வளவுதான். சொல்லத் தைரியமும் இல்லே.

வாலாம்பாள்: அனுப்ப வேண்டாம்னா. பெட்டியைப் பிரிச்சுடறேன்.

அனந்தநாராயணன்: பிரி. நான் நாக்பூருக்குத் தந்தி கொடுத்துடறேன்... பிச்சையா, இப்ப எனக்கு நிஜமாவே ஒண்ணு புரியல்லே. நான் பொய் சொன்னதுக்கு வண்டி வெடிக்கணும், வெடிச்சுது. சரி. அப்புறம் நீ துணியை வச்சு சரி பண்ணினியே, அதுக்கு ஓடணுமோன்னோ? மோர் குடிச்சப்புறம் ஏன் இப்படி ஊமையாயிடுத்து?

பிச்சையா: வண்டி அப்பவே சரியாயிட்டு சாமி. டிஸ்ட்ரிபூட்டர் மூடிக்குள்ள இருக்க ரோட்டார் துண்டு என் சட்டப்பையில கெடக்கு, இது இல்லாம பொறி போவாது. உங்கள டிக்கிப் பக்கம் அனுப்பிட்டு நாந்தான் கழத்தினேன். எம் மவ பேராச்சிக்கும் கை இப்படித்தான் இருந்துச்சு, அவளும் எண்ணெய்ன்னுதான் சொன்னா... சேட்டு வண்டிய எரவல் வாங்கி நானே மாமியா வீட்டுல கொண்டுபோய் விட்டேன், அன்னைக்குன்னு பாத்து அது ஒரே சுத்துல கெளம்பிட்டு.