வெள்ளிக்கிழமை வலை இல்லை

— பாசிக்குடாக்குப் போவம்.

— வாசல்ல நிண்டு எட்டிப் பாத்தாக் கடல் தெரியிது. உங்கட உம்மாவும் வாப்பாவும் இறக்காமத்துலரிந்து இஞ்ச மருதமுனைக்கு வருவாங்க. இந்தக் கடல முதுகுக்குப் பின்னால விட்டுட்டு, வாடகைக்கு வானப் புடிச்சி, அவ்வளவு தூரம் கொண்டு போய் இன்னொரு கடலக் காட்டப் போறீங்களா?

— பாசிக்குடாக் கடல் அலையில்லாத கடல், அஸ்பியா. எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் மட்டுந்தான் தண்ணி. உம்மாக்குப் பயமில்ல.

— மாமி நீந்தவா வாறா? மண்ணுல குந்தி ரெண்டு காலையும் நனைக்க வாறா. அதுக்கு நம்மட கடல்ல தண்ணி காணாதா?

— அப்ப அறுகம்பை.

— அங்க வெள்ளக்காரனுகள் துணியில்லாமப் படுத்துக் கெடப்பானுகள். மாமா கண்ண மூடிட்டு நிண்டு கடல் பாத்துட்டு வருவாரா?

— சரி. நம்மட கடல்தான். ஆனா வெள்ளிக்கிழமை.

— மாமா சொன்னது சனிக்கிழமை.

— வெள்ளிக்கிழமை நல்ல நாள்.

— நல்ல நாள்தான். குளிச்சி, ஜும்ஆக்குப் போய், வந்து சோறு திண்டு, நீங்க ரெண்டு பேரும் படுத்து எழும்பக்குள்ள அஸருக்கு பாங்கு சொல்லிருவாங்க. பொறவு இருட்டுலயா கடல் பாக்கிற?

— அஸருக்குப் பொறவுதான் நல்ல காத்து.

— காத்து எல்லா நாளும் இரிக்கி. வெள்ளிக்கிழமை இல்லாதது ஒண்டுதான். வலை. அத மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டீங்க.

— தெரிஞ்சா என்னத்துக்குகா கேக்காய்?

— நான் கேக்கல்ல. சொல்றன். சனிக்கிழமை எண்டா எங்கட சாலிஹ் சாச்சாட கரைவலை விடியக் கடல்ல இரிக்கும். அந்த வலையில நீங்க இரிப்பீங்க. சாரன மடிச்சிக் கட்டிட்டு, தலையில துண்டோட, கயித்த இழுத்துட்டு. மாமா கண்டுருவாரு. அதானே?

— அவர் இறக்காமம் முழுக்கச் சொல்லித் திரியிறாரு, மகன் கல்முனையில துணிக்கடை மெனேஜர் எண்டு.

— மெனேஜராத்தானே இருந்தீங்க.

— கடை பூட்டி மூணு வரிசமாகுது.

— பூட்டின அண்டைக்கே சொல்லியிருக்கணும்.

— சொல்லத்தான் போன் எடுத்தன். நான் வாயத் திறக்க முந்தி அவர் சொன்னாரு, பக்கத்து ஊட்டுப் பொடியனுக்கு உன்ட கடையில வேலை எடுத்துத் தாறன் எண்டு வாக்குக் குடுத்துட்டன் எண்டு. நான் என்ன சொல்ற? பாப்பம் எண்டன். பொறவு நாள் போயிட்டு. நாள் போன பொறவு எப்பிடிகா சொல்ற?

— அந்தப் பொடியன்?

— இன்னும் பாத்துட்டிரிக்கான்.

— நல்லம். நீங்களும் இறக்காமம் போற நேரமெல்லாம் அந்த வெள்ளச் சேட்ட அயன் பண்ணிப் போட்டு, பொக்கட்டுல பேனையக் குத்திட்டுப் போறீங்க. மூணு வரிசமா ஒரே பேனை.

— மெனேஜர் எண்டா பேனை வேணும்.

— பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிரிக்கீங்க, வாப்பா ஒபிசுக்குப் போயிரிக்காரு எண்டு சொல்லச் சொல்லி. போன பெருநாளைக்கு மாமிக்கிட்ட நம்மட ஸம்றா என்ன சொன்னா தெரியுமா? வாப்பாட ஒபிசுல காகம் கனக்க எண்டு.

— அல்லாஹ்வே. உம்மா என்ன சொன்னா?

— காகம் இல்லாத ஊரு எது மகள் எண்டா.

— அல்ஹம்துலில்லாஹ். இஞ்ச பாரு, நான் ஒரு வழி யோசிச்சிரிக்கன். சனிக்கிழமை மட்டும் சாச்சா வலைய ஊருக்கு வடக்கால தள்ளிப் போடட்டும்.

— அது மத்த வலைக்காரர்ட இடம். ஆருட வலை எந்த இடத்துல எண்டு நேத்தா பிரிச்ச? நம்மட வாப்பா காலத்துக்கு முந்திப் பிரிச்ச. உங்கட உம்மா வாப்பா கடல் பாக்கிறதுக்காக ரெண்டு வலைக்காரரும் அடிபட்டு பள்ளிவாசலுக்கு வழக்குப் போகணுமா?

— அப்ப இன்னொரு வழி. நான் துண்ட முகத்துக்கு இழுத்துக் கட்டிக்கிறன். கண்ணு மட்டும் தெரியிற மாதிரி.

— எல்லாரும் சும்மா நிக்க, நீங்க மட்டும் முகத்த மூடிட்டு நிண்டா மாமா முதல்ல உங்களத்தான் பாப்பாரு. அதோட அவர் வயல்காரன். அந்த வரம்புல நடக்கிற ஆள இந்த வரம்புலரிந்து நடைய வெச்சிச் சொல்ற மனுசன்.

— அப்ப நடையையும் மாத்திக்கிறன்.

— கைய என்ன செய்யப் போறீங்க?

— என்ட கையா?

— உள்ளங்கை காச்சுப் போய்க் கெடக்கு. ஸலாம் குடுத்துக் கையப் புடிச்சா அவருக்குத் தெரியாதா?

— போன தரம் பைக்கிலரிந்து விழுந்தன் எண்டு சொன்னன்.

— ரெண்டு கையாலயுமா விழுந்தீங்க?

— விழுற ஆள் ரெண்டு கையையுந்தான் ஊண்டுவான்.

— அதுக்கு முந்தின தரம்?

— அப்பயும் விழுந்தன்.

— மகன் மெனேஜர், ஆனா பைக் ஓடத் தெரியா எண்டு இறக்காமத்துல நல்ல பேரெடுத்திரிப்பீங்க.

— அஸ்பியா, கடைசி வழி ஒண்டு யோசிச்சிரிக்கன். கேளு. சனிக்கிழமை நான் வலைக்குப் போகல்ல. உம்மா வாப்பாவோட நானும் கரையில நிண்டு வேடிக்கை பாக்கன். நீ சாச்சாக்கிட்டச் சொல்லி வை, என்னத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கப்படாது. கதைக்கிற எண்டா 'சேர்' எண்டு கதைக்கட்டும்.

— சொல்லிட்டன்.

— எப்ப?

— நேத்து. நீங்க கடைசியா இதுக்குத்தான் வருவீங்க எண்டு தெரியும்.

— என்ன சொன்னாரு?

— சேர் எண்டு கூப்பிடுறதுல பிரச்சினையில்லையாம். ஆனா சனிக்கிழமை ஆள் கொறைவாம். வலை கரைக்குக் கிட்ட வாற நேரம் சேர் ஒரு கை புடிச்சிக் குடுத்துட்டுப் போவாரா எண்டு கேக்கச் சொன்னாரு.

— பகிடி விடாத.

— நான் பகிடி விடல்ல. சாச்சாவும் விடல்ல. மத்த ஆக்களுக்கும் அவரே சொல்லிருவாராம். ஒரு பயந்தான் அவருக்கு. எல்லாரும் 'றிபாஸ் சேர், றிபாஸ் சேர்' எண்டு கூப்பிடத் தொடங்கினாச் சிரிப்புல கயித்த விட்டுருவானுகளாம். வலை போனா சேர்தான் பொறுப்பாம்.

— எனக்கு வெக்கமா இரிக்கி கா.

— வலை இழுக்கிறதுக்கா?

— அதுக்கில்ல. வாப்பாட முகத்துக்கு. அந்த மனுசன் சேத்துல நிண்டு என்னப் படிப்பிச்சது, நான் நிழல்ல குந்திச் சாப்பிடணும் எண்டுதான். என்னக் கயித்துல கண்டா, தான் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிட்டு எண்டு நினைப்பாரு. ஒண்டும் சொல்ல மாட்டாரு. சும்மா நிண்டு பாப்பாரு. அந்தப் பார்வைதான் எனக்கு ஏலாது.

— எனக்கு வெக்கமில்ல.

— என்ன?

— நீங்க விடிய எழும்பிப் போற நேரம் நான் முழிச்சித்தான் கெடப்பன். கதவச் சத்தமில்லாமச் சாத்திட்டுப் போவீங்க. அந்த நேரம் உங்கள்ல எனக்கு வாற மதிப்பு, அந்தப் பேனையக் குத்திட்டு நிக்கக்குள்ள வாறல்ல.

— இத நீ ஒருநாளும் சொல்லல்லியே.

— நீங்க ஒருநாளும் கேக்கல்லியே. பாய் ரெண்டு காணுமா, மூணு வேணுமா?

— மூணு. உம்மாக்குத் தனிப் பாய். சோறு கட்டிட்டுப் போறமா?

— கடக்கரையில சட்டியத் திறந்தா மண்ணையும் சேத்துத்தான் திங்கணும். நெய்ச்சோறும் கோழியும் ஆக்குறன். ஊட்டுல திண்டுட்டுப் போவம். அங்க தேத்தண்ணியும் கடலையும் காணும்.

— எத்தின மணி பஸ்ஸுக்குத் திரும்புறாங்க?

— திரும்பல்ல. தங்குறாங்க.

— ஆரு?

— மாமாவும் மாமியும்.

— உன்ட ஊட்டுலயா? வாப்பா இஞ்ச தேத்தண்ணி குடிச்சா, கோப்பை காய முந்தி எழும்புற ஆளு. மகன் பொண்ணெடுத்துப் போன ஊட்டுல ராத்தங்குறது மரியாதையில்ல எண்டு, ஸம்றா பொறந்த அண்டைக்கும் கடைசி பஸ்ஸுல தொங்கிட்டுப் போனவர்.

— அவர்தான் கேட்டாரு. ஒரு தலகாணி கூடுதலா இரிக்குமா மகள் எண்டு. இரிக்கி எண்டன்.

— எத்தின நாளைக்காம்?

— வாறவங்கள்ட்ட நாள் கேக்கிறதா?

— இதுல என்னவோ இரிக்கி.

— உங்களுக்கு எல்லாத்துலயும் என்னவோ இரிக்கி. அந்தா போன் அடிக்கிது. ஆரு?

— வாப்பா.

— எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் ஸலாம் சொல்றன்.

— அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா.

— வஅலைக்கு முஸ்ஸலாம் மனே. மருமகளும் கிட்ட இரிக்காவா?

— இரிக்கன் மாமா. ஸம்றா ஓதப் போயிட்டா.

— நல்லம், நல்லம். மனே, சனிக்கிழமை மொத பஸ்ஸுல வாறம்.

— வாப்பா, ஒரு நாள் முந்தி வந்தா என்ன? ஜும்ஆவ இஞ்ச தொழலாம். பின்னேரம் ஆறுதலா உம்மாவக் கூட்டிட்டுக் கடலுக்குப் போகலாம்.

— வெள்ளிக்கிழமை சரிவராது மனே. வெள்ளிக்கிழமை வலை போட மாட்டாங்க.

— வலையா?

— ஓம். வலை இழுக்கிறதப் பாக்கணும்.

— அதுல என்ன வாப்பா பாக்க இரிக்கி? நாத்தமும் காகமுந்தான்.

— நல்லம். காகம் கனக்க எண்டு பேத்தியும் சொன்னா.

— மாமா, உங்களுக்குத் தெரியுமா?

— ரெண்டு வரிசமாத் தெரியும் மகள். உங்கட ஊருலரிந்து பைக்குல மீன் கொண்டு வாறாரே ஒராள், அவர்தான் சொன்னாரு, இது உங்கட மகன் இழுத்த மீன் எண்டு. எனக்கு விளங்கல்ல. எந்த மகன் எண்டு கேட்டன். உங்களுக்கு எத்தின மகன் எண்டு கேட்டாரு. அண்டையிலரிந்து வேற ஆருட்டயும் மீன் வாங்குறல்ல.

— வாப்பா, ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல?

— நீ வெள்ளச் சேட்டோட வாறாய். பேனையும் குத்திட்டு வாறாய். ஒருநாள் நீ சேட்டக் கழட்டிப் போட்டுட்டுக் குளிக்கப் போன நேரம், அந்தப் பேனைய எடுத்து எழுதிப் பாத்தன். எழுதல்ல. உம்மாட்டச் சொன்னன். அவ சொன்னா, நம்மட மனம் நோகப்படாது எண்டுதான் பிள்ள இதச் சுமந்துட்டு வாறான், நீங்க வாயத் திறக்கப்படாது எண்டு. நானும் திறக்கல்ல.

— ஊரெல்லாம் மெனேஜர் எண்டு சொன்னீங்களே.

— இண்டைக்கும் சொன்னன். திடீரெண்டு நிப்பாட்டினா ஊருல ஏன் எண்டு கேப்பாங்க.

— மாப்புத் தாங்க வாப்பா.

— என்னத்துக்கு மாப்பு? ஹலாலான தொழில். அல்லாஹ்ட கடல்ல இழுத்துத் திங்கிறாய். ஒருத்தனையும் ஏமாத்தல்ல, எங்களத் தவிர. எனக்கு உன்னில ஒரு குறையும் இல்ல மனே. பெருமைதான்.

— அழாதீங்க மச்சான், மாமாக்குக் கேக்கும்.

— நான் அழல்ல. வாப்பா, சனிக்கிழமை வாங்க. வந்து பாருங்க. நான் கயித்துலதான் நிப்பன்.

— நல்லம், நல்லம். மனே, அந்த வலைக்காரர், மருமகள்ட சாச்சா, எப்பிடி ஆள்? கோவக்காரரா?

— இல்ல மாமா. பகிடிக்காரர்.

— நல்லம். வயசான ஆக்களையும் வேலைக்கு வெச்சிரிக்காரா? இழுக்கிறதுக்கில்ல. கயித்தச் சுத்தி வெக்கிற, வலையில குப்ப பொறுக்கிற, அப்பிடி.

— ரெண்டு மூணு பேர் இரிக்காங்க வாப்பா. ஏன், ஊருல ஆருக்கும் வேலை எடுத்துத் தாறன் எண்டு வாக்குக் குடுத்துட்டீங்களா?

— இல்ல மனே. இது எனக்குத்தான். ரெண்டு போகமும் ஆனை இறங்கி வெள்ளாமைய மிதிச்சிட்டு. போடியார் நான் செஞ்சிட்டிருந்த வயல வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. அவரயும் குத்தம் சொல்ல ஏலாது, அவருட வயல்.

— நேத்தும் உம்மா சொன்னாவே, வாப்பா விடியவே வயலுக்குப் போயிட்டாரு எண்டு.

— போறன் மனே. மம்பெட்டியத் தூக்கிட்டுப் போய்க் குளக்கட்டுல குந்திட்டிரிக்கன். பின்னேரம் வரக்குள்ள கால்ல கொஞ்சம் சேறு பூசிட்டு வாறன். உம்மாக்குச் சொல்லிராத.