அமிர்தலிங்கத்துக்கு வாசித்த தாளம்

டிரம்ஸ் வாசிப்பவனுக்குக் கைகளைவிட வலது கால்தான் முக்கியம். பார்ப்பவர்கள் குச்சிகளைப் பார்ப்பார்கள். ஆனால் பெரிய டிரம்மை அடிப்பது காலடியில் இருக்கும் மிதிகட்டை. கேட்பவனின் தலையை ஆட்டுவிப்பது அதுதான்.

நான் பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பழகியவன். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் காலையில் ரப்பர் மரம் சீவுவேன், பிற்பகலில் வாளி தட்டுவேன். ஐம்பத்தாறில் சிரம்பான் கொட்டகையில் ஒரு ராக் அண்ட் ரோல் படம் பார்த்தேன். பாடியவன் முகம் நினைவில்லை. பின்னால் உட்கார்ந்து அடித்தவனைப் பார்க்கவே மூன்று முறை போனேன்.

தோட்டத்தில் கிதார் வாசித்தவன் அமிர்தலிங்கம். அவனோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். எனக்கு டிரம்ஸ் கொடுத்தவர் எங்களை வேலை வாங்கிய கங்காணி, வீரமுத்து மண்டோர். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலத்தில் தோட்டக் காவல்படைக்கும் அவர்தான் தலைவர். துரைமார் கிளப்பில் கழித்துப்போட்ட செட்டை வாங்கிவந்து ஸ்டோரில் வைத்தார்.

"கூப்டா வந்து வாசிக்கணும்லா. அவ்ளோதான்," என்றார்.

எதற்கென்று முதல் நாளே புரிந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கொடுத்ததாகச் சந்தேகப்பட்டவர்களை ஸ்டோரின் பின்னறையில் வைத்து அடிப்பார்கள். அலறல் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குக் கேட்டால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பாதிப் பேர் வேலைக்கு வந்து நிற்பதில்லை. டிரம்ஸ் கேட்டால், மாயாண்டி பழகுகிறான் என்று இருந்துவிடுவார்கள்.

வெறும் சத்தத்தால் அலறலை மறைக்க முடியாது. பெரிய டிரம் முனகலை மறைக்கும். அலறல் மேலே கிளம்புவது, அதைச் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டுதான் மூடும். அலறுவதற்கு முன் மனிதன் மூச்சை இழுப்பான், விலா எழும்பும். அதைப் பார்த்துவிட்டால் சிம்பலைச் சரியான கணத்தில் அடிக்கலாம். ஆகவே பின்னறைக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். அடிப்பவர்களின் கை என் தாளத்தில்தான் போனது. அது அவர்களுக்கே தெரியாது. நான் வேகத்தைக் கூட்டினால் ரோத்தான் பிரம்பு வேகமாக இறங்கும், குறைத்தால் குறையும். இரண்டு மூன்று பேருக்கு நான் மெதுவாக வாசித்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தேழு ஜூலையில் எங்களுக்குச் சிரம்பானில் பெரிய மேடை ஒன்று கிடைத்தது. அந்த வாரம் வேலிக்கு வெளியே இருந்த லியாக்கத் அலி மளிகைக் கடையில் அமிர்தலிங்கம் என்னிடம் சொன்னான்:

"கோவிச்சுக்காதடா. சனிக்கெழமைக்கு அம்பாங்கான்லேருந்து வேற ஆளு வர்றான். ஒனக்கு வேகம் பத்தலலா."

"எனக்கா?"

"ரப்பர் பாலு கெட்டது போ. சொட்டுச் சொட்டாத்தானே அடிக்கிற."

லியாக்கத் அலி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பால் டின் ஒன்றை எடுத்து அமிர்தலிங்கத்திடம் கொடுத்தார். டின்னில் அடைத்த எந்த உணவை விற்றாலும் கடைக்காரர் அங்கேயே ஆணியால் ஓட்டை போட்டுத் தர வேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஓட்டை போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டில் பதுக்கி வைக்க முடியாது. நல்ல ஏற்பாடு. அன்று சிரிப்பில் லியாக்கத் அலி ஓட்டை போட மறந்தார். குழந்தைக்குப் பால் கிடைத்த நிறைவில் அமிர்தலிங்கம் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

தோட்டத்து வேலி வாசலில் காவல்படை நடத்திய சோதனையில் டின் அகப்பட்டது. கடையில் வாங்கியது என்றான். விசாரித்தபோது லியாக்கத் அலி பயந்துபோய், தான் விற்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். நடந்ததைப் பார்த்த மூன்றாவது ஆள் நான். ஒரு வாக்கியம் சொன்னால் அவனை விட்டிருப்பார்கள். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு வீரமுத்து கூப்பிட்டனுப்பினார். அமிர்தலிங்கத்தின் கைகளை விட்டத்தில் கட்டியிருந்தார்கள். யார் கொடுத்த டின், யாருக்குப் போகிறது என்று கேட்டு இரண்டு பேர் அடித்தார்கள்.

பத்து நிமிடம் நடுத்தர வேகத்தில் வாசித்தேன். பிறகு கூட்டினேன். ரோத்தானும் கூடியது. முதுகு கிழிந்ததும் அடியின் ஓசை மாறியது. ஈரமான தோலில் எந்த அடியும் மந்தமாகத்தான் கேட்கும். நான் மிதிகட்டையை இன்னும் அழுத்தினேன். உடனே அவர்களும் ஓங்கி அடித்தார்கள். ஒரு விலா முறிந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. வீரமுத்துகூட, "போதும் போலருக்கேடா," என்று முணுமுணுத்தார். நான் நிறுத்தாததால் அவர்களால் நிறுத்த முடியவில்லை. அரைமணி நேரத்தில் அவன் தலை தொங்கியது. பாதிச் சுற்றில் விடுவது முறையல்ல என்பதால் அந்தச் சுற்றை முடித்தேன். அதற்குள் உயிர் போயிருந்தது.

வெளியே அவன் மனைவி நீலாவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, உள்ளதான இருந்தீங்க. அவரு ஏதும் சொன்னாரா?"

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா."

அவன்மேல் என் விரல்கூடப் படவில்லை. இதை நீங்கள் யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம். நீலாவதியிடம் சொன்னது மட்டும் பொய். அவன் என்னைத்தான் கூப்பிட்டான். "மாயாண்டி, நீ பக்கத்துலதான நின்ன, சொல்லுடா" என்பதுதான் அவன் சொல்ல வந்தது. எட்டு முறை முயன்றான். எட்டு முறையும் அவன் மூச்சை இழுப்பதை நான் பார்த்துவிட்டேன்.