பொல்லை விடுங்கோ, அண்ணை

அம்பலவாணன்: ஐயோ முருகா! பொல்லை விடப்பா... பொல்லை விடும்!

றெஜினோல்ட்: அண்ணை... தமிழோ?

அம்பலவாணன்: அதைப் பிறகு கதைப்பம். முதல்ல என்ர முழங்காலில இருந்து எழும்பும்.

றெஜினோல்ட்: எழும்பத்தான் பாக்கிறன். பலகையள் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடக்கு. எது என்ர, எது உங்கட எண்டு...

அம்பலவாணன்: மஞ்சள் என்ர.

றெஜினோல்ட்: எல்லாம் மஞ்சள் அண்ணை. வாடகை ஸ்கீப் பலகை.

அம்பலவாணன்: பின்னால ஒரு குழந்தை வருது! விலகும், விலகும்!

றெஜினோல்ட்: அது விலகிப் போட்டுது. நாலு வயசுதான் இருக்கும்... திரும்பிப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு போகுது.

அம்பலவாணன்: சிரிக்கட்டும். நாங்களும் ஒருத்தருக்குச் சந்தோசம் குடுத்திருக்கிறம்.

றெஜினோல்ட்: கையைக் காட்டுங்கோ. பெருவிரல் ஏன் இப்பிடிச் சிவந்து கிடக்கு?

அம்பலவாணன்: விழேக்க பொல்லு இழுத்துப்போட்டுது.

றெஜினோல்ட்: பொல்லின்ர வாருக்குள்ள கையை விட்டிருந்தனீங்களோ?

அம்பலவாணன்: பின்ன? வார் வைச்சிருக்கிறதே கை விடத்தானே.

றெஜினோல்ட்: பழக்கிற பிள்ளை சொன்னவளெல்லோ! புது ஆக்கள் வாரை மாட்டவேண்டாம், விழப்போறம் எண்டு தெரிஞ்சா உடனை பொல்லைக் கைவிட்டிடுங்கோ எண்டு. பிடிச்சுக்கொண்டு விழுந்தா முதல்ல போறது பெருவிரலாம்.

அம்பலவாணன்: அவள் சொல்லேக்க நான் க்ளவுஸ் தேடிக்கொண்டு நிண்டனான்... ஆ! மெல்ல மடக்கும்!

றெஜினோல்ட்: மடங்குது. முறியேல்லை. வாங்கோ, கரையில போய் இருப்பம். இதில கிடந்தா இன்னும் பத்துக் குழந்தையள் எங்களுக்கு மேலால போகும்.

அம்பலவாணன்: கையைத் தாரும்... அப்பாடா. இதில இருக்கலாம். லண்டனுக்குள்ளயே பெக்டனில முந்தி ஒரு ஸ்கீ மலை இருந்தது. அதை மூடாமல் விட்டிருந்தா இவ்வளவு தூரம் ரெயில் ஏறி வந்து, கூரைக்குக் கீழ கொட்டின ஸ்னோவில விழத் தேவையில்லை.

றெஜினோல்ட்: பக்கத்திலயே விழுந்திருக்கலாம். எங்க இருக்கிறியள் அண்ணை?

அம்பலவாணன்: மனோர் பார்க். நீர்?

றெஜினோல்ட்: பிளேஸ்டோ. ஊர் மன்னார். பேர் றெஜினோல்ட்.

அம்பலவாணன்: ஆ!

றெஜினோல்ட்: என்ன, விரல் நோகுதோ?

அம்பலவாணன்: இல்லை... றெஜினோல்ட் எண்டோ சொன்னனீர்?

றெஜினோல்ட்: ஓம். நீங்கள்?

அம்பலவாணன்: நான்... ஸ்ரீதரன். சிறீ எண்டு கூப்பிடுவினம்.

றெஜினோல்ட்: சிறீ அண்ணை. நல்லது.

அம்பலவாணன்: இந்த வயசில உமக்கு ஏன் தம்பி உந்த விளையாட்டு?

றெஜினோல்ட்: எல்லாம் மகளால. வாற மாசம் பிரான்சில ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போறாள். அவள் கட்டப்போற பெடியனும் வாறான், பெடியன்ர தகப்பனும் வரவேணுமாம். ரெண்டு தகப்பன்மாரும் அங்க வைச்சு முகம் பாத்துக் கதைக்கவேணுமாம். ஒராள் வராட்டிலும், தாங்கள் பாட்டுக்குப் போய் ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு வந்திடுவினமாம். ஒருத்தரும் வரத் தேவையில்லையாம்.

அம்பலவாணன்: அச்சொட்டா அப்பிடியே சொன்னவளோ?

றெஜினோல்ட்: அப்பிடியே. ஏன் கேக்கிறியள்?

அம்பலவாணன்: சும்மா... இந்தக் காலத்துப் பிள்ளையள் எல்லாம் ஒரே மாதிரிக் கதைக்குதுகள்.

றெஜினோல்ட்: உங்களையும் பிள்ளையள்தான் அனுப்பினதுகளோ?

அம்பலவாணன்: என்னை... டொக்ரர். முழங்காலுக்கு நல்லதாம்.

றெஜினோல்ட்: ஸ்கீயோ? முழங்காலுக்கோ?

அம்பலவாணன்: புது டொக்ரர்.

றெஜினோல்ட்: ம்... அந்தத் தகப்பன் நல்லாச் சறுக்குவாராம். அதுதான் எனக்குப் பயம். முந்தி சுவிஸில இருந்தவராம்.

அம்பலவாணன்: சுவிஸில இருந்தவை எல்லாம் சறுக்குவினமோ? ஹோட்டல்ல கோப்பை கழுவியிருப்பார். மலையை ஜன்னலாலதான் பாத்திருப்பார்.

றெஜினோல்ட்: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

அம்பலவாணன்: ஒரு... ஊகம்.

றெஜினோல்ட்: எப்பிடியோ, அந்த ஆளுக்கு முன்னால விழுந்து எழும்ப ஏலாது. அதுதான் எல்லாம் கேட்டு அறிஞ்சு வைச்சிருக்கிறன். மலையில ஸ்னோ ஒரே மாதிரி இராதாம் அண்ணை. புதுசா விழுந்தது அரிசிமா மாதிரியாம், பலகை உள்ளுக்க புதைஞ்சுபோகும். பொல்லுக்கு அடியில அகலமான வளையம் இருக்கவேணும், இல்லாட்டிப் பொல்லும் தாழும். காலமையில எல்லாம் இறுகி ஐஸாக் கிடக்கும். மத்தியானம் வெயில் பட்டா கூழ் மாதிரி, ஓடிக்கொண்டு போகேக்க திடீரெண்டு காலைப் பிடிக்கும்.

அம்பலவாணன்: காலமை வழுக்கும், மத்தியானம் பிடிக்கும். அப்ப எத்தினை மணிக்குத்தான் சறுக்கிறது?

றெஜினோல்ட்: நாங்கள் கோப்பிக் கடையில இருக்கலாம்.

அம்பலவாணன்: ஹா... அதுதான் சரி.

றெஜினோல்ட்: அந்த மனுசனோட எப்பிடி ஒரு மேசையில இருந்து கோப்பி குடிக்கிறது எண்டுதான் தெரியேல்லை.

அம்பலவாணன்: ஏன்? நல்ல மனுசனாய் இருக்கலாம்.

றெஜினோல்ட்: நல்ல மனுசனோ! தை மாசம் போன் எடுத்து, கலியாணத்தைச் சேர்ச்சில வைப்பம் எண்டு யோசிக்கிறம் எண்டு மரியாதையாத்தான் சொன்னன். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. படக்கெண்டு போனை வைச்சிட்டார்.

அம்பலவாணன்: சார்ஜ் முடிஞ்சிருக்கும்.

றெஜினோல்ட்: வீட்டுப் போன் அண்ணை. சுவரில கொழுவினது.

அம்பலவாணன்: அப்ப... லைன்ல ஏதும் பிழையாய் இருக்கும்.

றெஜினோல்ட்: ரெண்டு மாசமாவோ? மரியாதை தெரியாத ஆள்.

அம்பலவாணன்: அப்பிடிச் சொல்லாதையும்.

றெஜினோல்ட்: தலைக்கனம்.

அம்பலவாணன்: தலைக்கனமோ! ஆளைக் கண்ணால கூடக் காணாமல்...

றெஜினோல்ட்: உங்களுக்கு ஏன் அண்ணை கோவம் வருது?

அம்பலவாணன்: கோவமில்லை. விரல் நோகுது.

றெஜினோல்ட்: நீங்களே சொல்லுங்கோ. அண்டையில இருந்து என்ர மகள் என்னோட இருந்து சாப்பிடுறேல்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போயிடுவாள். அவளுக்குத் தாயும் நான்தான், தகப்பனும் நான்தான். அந்த வீட்டில ரெண்டு பேர்தான் இருக்கிறம்... சத்தமே இல்லை.

அம்பலவாணன்: ...எழும்பும்.

றெஜினோல்ட்: எங்க?

அம்பலவாணன்: இன்னொருக்கா சறுக்குவம். இப்பிடியே இருந்தால் எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு.

றெஜினோல்ட்: அப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. வார் மாட்டவேண்டாம். பொல்லின்ர முனை பின்னால, நிலத்தைப் பாத்தபடி இருக்கட்டும். முன்னுக்கு நீட்டினா உங்களுக்கே குத்தும், இல்லாட்டி அந்தக் குழந்தைக்குக் குத்தும். அங்க லைட்டுக்குக் கீழ பளபளக்குது பாருங்கோ, பின்னேரம் ஆனா எல்லாரும் சுரண்டிச் சுரண்டி ஐஸாக்கிப் போடுவினம். அதில வந்து பின்னால சாயாதேங்கோ. பொல்லைக் குத்தி நிக்கவும் பாக்காதேங்கோ.

அம்பலவாணன்: பின்ன எப்பிடி நிக்கிறது?

றெஜினோல்ட்: ஐஸில நிக்கேலாது. முழங்காலை மடக்கிக்கொண்டு பேசாமல் கடக்கவேணும். கீழ மெத்தெண்ட ஸ்னோ குவிஞ்சு கிடக்கு, அங்க நிப்பம்.

அம்பலவாணன்: சரி... போறன்... போகுது தம்பி, தன்பாட்டில போகுது!

றெஜினோல்ட்: விடுங்கோ, போகட்டும்! முழங்கால்!

அம்பலவாணன்: மடக்கிட்டன்!

றெஜினோல்ட்: ஐஸ் வருது... சாயாதேங்கோ, சாயாதேங்கோ...

அம்பலவாணன்: கடந்திட்டன்! தம்பி, கடந்திட்... ஐயோ!

றெஜினோல்ட்: பொல்லை விடுங்கோ, அண்ணை!

அம்பலவாணன்: விட்டிட்டன்!

றெஜினோல்ட்: ...சிறீ அண்ணை? உயிரோட இருக்கிறியளோ?

அம்பலவாணன்: மெத்தை மாதிரிக் கிடக்கு. நீர் எங்க?

றெஜினோல்ட்: உங்கட தலைமாட்டில. நானும் விழுந்துதான் கிடக்கிறன். விரல்?

அம்பலவாணன்: பத்தும் இருக்கு. ஒரு பொல்லு அங்க, மற்றது எங்கையெண்டு தெரியேல்லை... ஹாஹா... அந்தக் குழந்தை எடுத்துக்கொண்டு வருது பாரும்!

றெஜினோல்ட்: ஹாஹா... தாங்யூ சொல்லுங்கோ.

அம்பலவாணன்: தாங்யூ அம்மா... தம்பி.

றெஜினோல்ட்: ம்?

அம்பலவாணன்: அந்த மனுசன் போனை வைச்சது கோவத்தில இல்லாமலும் இருக்கலாம்.

றெஜினோல்ட்: பின்ன?

அம்பலவாணன்: அவற்ற மனுசி செத்துப்போனா எண்டு வையும். மகன்ர தாலியைக் கோயில்ல முருகனுக்கு முன்னால வைச்சுத் தன்ர கையால எடுத்துக் குடுக்கவேணும் எண்டு, ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் சொல்லிக்கொண்டு கிடந்தவ எண்டு வையும். நீர் போன்ல 'கலியாணம்' எண்ட சொல்லைச் சொன்ன உடனை... அந்த மனுசனுக்கு அழுகை வந்திருக்கும். முன்பின் தெரியாத ஆளுக்கு அழுது காட்ட ஏலுமோ? வைச்சிருப்பார்.

றெஜினோல்ட்: பிறகாவது எடுத்திருக்கலாமே.

அம்பலவாணன்: எடுத்து என்னெண்டு சொல்லுறது? நாள் போகப் போக வெக்கம்தான் கூடும்... தம்பி, நான் சிறீ இல்லை. அம்பலவாணன். உம்மட மகள் கட்டப்போற பிரவின்ர அப்பா.

றெஜினோல்ட்: தெரியும்.

அம்பலவாணன்: என்ன தெரியும்!

றெஜினோல்ட்: வாடகைப் பலகை எடுக்கிற வரிசையில உங்களுக்குப் பின்னால நிண்டது நான்தான். அந்த வெள்ளைக்காரப் பெடியன் உங்கட பேரை எழுத ஏலாமல் நாலுதரம் கேட்டவன். நீங்கள் நாலுதரமும் உரக்கச் சொன்னீங்கள்.

அம்பலவாணன்: அப்ப... வேணுமெண்டோ வந்து இடிச்சனீர்?

றெஜினோல்ட்: சத்தியமா இல்லை! கிட்ட வந்து வணக்கம் சொல்லத்தான் வந்தனான். நிப்பாட்டத் தெரியேல்லை.

அம்பலவாணன்: மரியாதை தெரியாதவர், தலைக்கனம் எண்டு முகத்துக்கு நேர...

றெஜினோல்ட்: ரெண்டு மாசமா நெஞ்சுக்குள்ள கிடந்தது. சொன்னாப் பிறகு சுகமாக் கிடக்கு. ஆனா அந்த அழுகைக் கதை எனக்குத் தெரியாது அண்ணை. அது சத்தியமாத் தெரியாது.

அம்பலவாணன்: மகனுக்கே தெரியாது.

றெஜினோல்ட்: தாலி கோயில்லயே கட்டட்டும். அக்கா ஆசைப்பட்ட மாதிரி. நான் வேட்டியோட வந்து நிக்கிறன். சேர்ச்சுக்கு நீங்கள் வரவேணும்.

அம்பலவாணன்: வாறன். முன்வாங்கில இருக்கிறன். எப்ப எழும்புறது, எப்ப இருக்கிறது எண்டு நீர்தான் சொல்லவேணும்... எண்டாலும் மனுசா, வரிசையில நிக்கேக்கையே முதுகில தட்டி, நான்தான் றெஜினோல்ட் எண்டு சொல்லியிருக்கலாமே?

றெஜினோல்ட்: அங்க சொல்லியிருந்தா நீங்கள் நேர ஸ்டேசனுக்கு நடந்திருப்பியள், சம்பந்தி. இந்த ஸ்கீச் சப்பாத்தைப் போட்டாப் பிறகு ஒருத்தராலயும் ஓட ஏலாது எண்டு போன கிழமைதான் கண்டுபிடிச்சனான்.