செத்தவர்களுக்குப் பல் தேய்ப்பவர்

காரைக்காலிலிருந்து பூவம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் செர்பியாவுல செத்தவங்களுக்குப் பல்லு தேய்ச்சு விடுறார், லாத்தா."

நான் எட்டாவதோடு நின்றவன். செர்பியா எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. இருந்தும் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தேன்.

"பைப் போடத்தானே போனாரு?" என்றாள் மூத்தவள்.

"ஆமா. சின்ன கிராமம். பள்ளம் தோண்டுனா முதல்ல பானை, அப்புறம் எலும்புக்கூடு. ரொம்பப் பழங்காலத்து ஆளுங்களாம். அதிகாரிங்க வந்து பைப் வேலைய நிறுத்திட்டாங்க. பதமா தோண்டுறாருன்னு இவர மட்டும் வச்சுக்கிட்டாங்க. இப்ப பிரஷ்ஷால மண்ணத் தட்டுற வேலை."

"பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறுவாரேடி!"

"வீடியோ கால்ல அந்தப் பல்லக் காட்டுறாரு. இவரு பல்ல விட அது சுத்தம்."

"எத்தன நாளைக்கு இந்த வேலை?"

"எலும்பு கெடைக்கிற வரைக்கும். தீந்துட்டா ஊருக்கு அனுப்பிடுவாங்க. இங்க வீடு பாதியில நிக்குது லாத்தா."

எலும்பு தீர்ந்துவிடுமோ என்று எனக்கும் கவலை பிடித்துக்கொண்டது. யார் வீட்டு எலும்போ, யார் வீட்டுக் கூரையோ.

"துஆ செய்யிடி."

"செஞ்சேன். எங்க தோண்டுனாலும் பொணமா, அந்த ஊரு முழுக்க மையத்தாங்கொல்லையா இருக்கணும், யா அல்லான்னு கேட்டேன்."

"அடிப்பாவி, பழைய மையத்துன்னு சேத்துச் சொல்லு. இல்லாட்டி புதுசு வந்துடப் போவுது."

அவள் கையேந்தித் திருத்திக் கேட்டாள். நானும் பின்சீட்டில் வாய்க்குள் முணுமுணுத்தேன்: "பழசு, பழசு மட்டும்."