கமலாசனி அம்மையார் வாசித்த மூன்றாவது பெயர்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் கட்சிச் செயலாளர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் மகள் சுதாஜினி அவர்களே! முரசுமோட்டையிலிருந்தும் ஸ்கந்தபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, கதிரை போதாமல் சுவரோரம் நிற்கும் என் மக்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் கமலாசனி அம்மையார் நம்மை விட்டுப் போய் இன்று எட்டாம் நாள். பேச வந்திருக்கும் நான் வீரகத்தி நடராசா. அவருக்கு அடுத்த ஆசனத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தவன். அவர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

மேடை ஏறுமுன் எனக்கு ஓர் அறிவுரை கிடைத்தது. “அந்த விவாதக் கதையை எடுக்காதேங்கோ. அவாவின்ர சேவையைச் சொல்லிப்போட்டு இறங்குங்கோ.” சபையோரே, அந்த விவாதத்தை விட்டுவிட்டு நான் எந்தச் சேவையைச் சொல்வேன்?

நாவலடிமோட்டையை உங்களுக்குத் தெரியும். நாற்பத்து மூன்று குடும்பங்கள். தமிழர் பாதி, முஸ்லிம்கள் பாதி. இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்தவர்களின் காணிகளில் ஒருநாள், இது அரச ஒதுக்கு நிலம் என்று எல்லைக்கற்கள் முளைத்தன. வீட்டுக்குப் பின்னால் கல். வயலுக்கு முன்னால் கல். குளக்கட்டு நெடுகக் கல். ஜெயரூபியின் கிணற்றுக்கட்டு இடிந்தது. திருத்திக் கட்டினால் வழக்கு. ஜவாஹிர் தன் தென்னங்காணியில் பற்றை வெட்டினார், நீதிமன்றம் ஏறினார். போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் சொந்தக் காணிக்குள்ளேயே சிறை மறியலில் கிடந்தார்கள் அந்த மக்கள்!

அங்கே நடந்த கண்டனக் கூட்டத்தில் நான்தான் பிரதான பேச்சாளர். “இந்தக் கல்லை நட்டவன் கையை வரலாறு மன்னிக்காது!” என்று முழங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள். ஜவாஹிர் எனக்கு மாலை போட்டார்.

அந்த ஜவாஹிர்தான் பிறகு அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். “கல்லு நடச் சொன்னது ஆரெண்டு மட்டும் அறிஞ்சு சொல்லுங்கோ அம்மா.” அதற்கு அவர் என்ன செய்தார்? மேடை தேடினாரா? இல்லை! பாராளுமன்ற நூலகத்துக்குப் போனார். அரசியலுக்கு வருமுன் இருபது வருடம் நில அளவைப் படங்கள் வரைந்தவர் அவர். எல்லையை ஆராய்ந்த உபகுழுவின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, நாங்கள் ஒருவரும் விரித்துப் பார்க்காத படத்தை மேசையில் விரித்தார். கற்கள் நடப்பட்ட கோடு அப்படியே அதில் இருந்தது. படத்தின் கீழே ஐந்து உறுப்பினர்களின் கையெழுத்து. மூன்றாவது, என்னுடையது.

ஆம், என்னுடையது! குழுவுக்குப் பிந்திப் போனேன். வெறும் நடைமுறை, எல்லோரும் வைப்பதுதான் என்றார்கள். வைத்தேன். நாவலடிமோட்டையில் மாலை வாங்கியபோது அந்தக் கையெழுத்து என் நினைவிலேயே இல்லை.

காணி விவாதத்துக்கு முதல் நாள் மதியம், பாராளுமன்றச் சாப்பாட்டு மண்டபத்தில் அம்மையார் அந்தப் படத்தின் பிரதியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அண்ணை, இது உங்கட கையெழுத்துத்தானே?”

“ஓம் தங்கச்சி. வாசிக்காமல் போட்டிட்டன்.”

“அப்ப நாளைக்கு நீங்களே எழும்பிச் சொல்லுங்கோ. பிழை விட்டிட்டன், திருப்பி வாங்கிறன் எண்டு சொல்லுங்கோ. சொன்னால் உங்கட பேரை நான் வாசிக்கமாட்டன்.”

“கட்சி என்னைச் சும்மா விடாது.”

“என்னையும் விடாதுதான் அண்ணை. சாப்பிடுங்கோ, சோறு ஆறுது.”

அன்று முழுவதும் வழி தேடினேன். ஒப்புக்கொண்டால் ஊருக்குள் முகம் காட்ட முடியாது. மறுத்தால் கையெழுத்து இருக்கிறது. சுகமில்லை என்று போகாமல் விட்டால் அதுவே சாட்சி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கல்!

மறுநாள் அம்மையார் எழுந்தார். முதலில் அமைச்சரைக் கேட்டார். எங்கள் வரிசை மேசையைத் தட்டியது, நானும் தட்டினேன். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“கௌரவ சபாநாயகர் அவர்களே, எதிரில் இருப்பவர்களைக் கேட்டு முடித்தேன். இனி என் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்கிறேன்.”

ஒவ்வொரு பெயராக வாசித்தார். மூன்றாவதில் நின்றார். “கௌரவ உறுப்பினர் நடராசா அவர்களே! படத்தைப் பார்த்தபின் கையெழுத்து வைத்தீர்களா? அப்படியானால் மக்களிடம் பொய் சொன்னீர்கள். பார்க்காமல் வைத்தீர்களா? அப்படியானால் இந்தச் சபையிடம் பொய் சொன்னீர்கள். இரண்டில் எது?”

எங்கள் கட்சிக் கொறடா ஒழுங்குப் பிரச்சினை எழுப்பிக் கத்தினார். சபாநாயகர் என்னைப் பார்த்து, பதில் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். என் ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் தரப்பட்டது, சபையோரே! நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இது என் சிறப்புரிமையை மீறும் செயல்” என்றேன். உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்தது. கட்சி அவரை இடைநிறுத்தியது. அடுத்த தேர்தலில் அவருக்கு இடமில்லை, எனக்கு இருந்தது. ஆனால் அந்த விவாதத்தால் அமைச்சு மறுஅளவைக்கு இணங்கியது. பத்தொன்பது குடும்பங்களின் காணி மீண்டது. ஜெயரூபியின் கிணறு கட்டப்பட்டது. இருபத்து நான்கு குடும்பங்கள் இன்னும் கற்களுக்குள்ளேதான். ஜவாஹிர் அவர்களில் ஒருவர். அவர்களுக்காகப் பதவியில்லாத அந்தப் பெண்மணி படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காய்ச்சலோடும் பஸ்ஸில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்.

மூன்று மாதத்துக்கு முன் புதுக்குடியிருப்பு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். மிகவும் மெலிந்திருந்தார். வாகனத்தை நிறுத்தினேன்.

“ஏறுங்கோ தங்கச்சி, கொண்டுபோய் விடுறன்.”

“வேண்டாம் அண்ணை, பஸ் வரும். சபையில நீங்கள் சொன்னது ஹன்சாட் பதிவில அப்பிடியே கிடக்கு. அதை நான் மாத்தேலாது. நீங்கள்தான் மாத்தவேணும்.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோதும் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

வரும் செவ்வாய்க்கிழமை அந்த இருபத்து நான்கு குடும்பங்களின் மிச்ச எல்லை சபையின் அங்கீகாரத்துக்கு வருகிறது. அரசாங்கத்தோடு எங்கள் கட்சிக்கு இப்போது ஓர் உடன்பாடு இருக்கிறது. ஆதரித்துக் கையுயர்த்த வேண்டும் என்ற கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. மீறினால் என் ஆசனம் போகும். செயலாளர் அவர்களே, உங்கள் முன்னாலேயே சொல்கிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதில், கட்சி இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை எழும்புவேன். படத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தேன் என்று, அவர் கேட்ட கேள்விக்கு அதே சபையில் பதில் சொல்வேன். என் கையெழுத்தைத் திருப்பிக் கேட்பேன். எதிர்த்து வாக்களிப்பேன். அதன் பிறகு அந்தப் படச்சுருளைச் சுமக்க சுதாஜினி அனுமதித்தால் சுமப்பேன். அம்மையாருக்கு நான் செலுத்தக்கூடிய அஞ்சலி இது ஒன்றுதான்.

இன்று காலை இந்த மண்டப வாசலில் ஜவாஹிர் என் கையைப் பிடித்தார். “ஐயா, நீங்க எழும்பினாலும் எழும்பாட்டிலும் நாங்க அங்கதான் இருக்கவேணும். எங்களுக்குப் போக வேற இடமில்ல. எழும்புவீங்களோ?” என்று கேட்டார். நான் கையை விடுவித்துக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டேன்.

ஜவாஹிர், அந்தத் தூணடியில் நிற்கிறீர்கள், தெரிகிறது. ஓம். எழும்புவன்.