படகோடு போகாத கயிறு

பெயர் அருள்செல்வி, வயது 61, காலஞ்சென்ற ரெமிஜியஸின் மனைவி, மாதா கோயில் தெரு, பூம்புகார், மயிலாடுதுறை மாவட்டம். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். 10.02.2025 திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே வந்தேன். பாய்மரப் படகு ஒன்றைக் குறையை மறைத்து விற்றதாகத் தரகர் ராம்கி மேல் வாங்கியவரின் நண்பர் புகார் கொடுத்து, அவரை நாலு நாளாக நிலையத்துக்கு வரவழைத்து விசாரித்து வருவதாகக் கேள்விப்பட்டேன். படகு என்னுடையது. அதன் குறை ராம்கிக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

படகின் பெயர் ஜெபமாலை. இருபத்தெட்டு அடி நீளம், ஃபைபர் உடல், பிரான்சில் கட்டியது. அதில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த வெள்ளைக்காரர் ஒருவர் உடம்பு முடியாமல் ஊர் திரும்ப நேர்ந்தபோது, கப்பலில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து திரும்பிய என் கணவர் 2012-ல் அவரிடமிருந்து வாங்கினார். ஒற்றைப் பாய்மரம், முன்னால் சின்னப் பாய், பின்னால் பெரிய பாய். தண்ணீருக்குள் நாலேகால் அடி இறங்கி நிற்கும், அடியில் இரும்பு எடை இருப்பதால் சாயுமே தவிரக் கவிழாது. படுக்க நாலு பேருக்கு இடம், சமைக்க ஓர் அடுப்பு உண்டு. டீசல் எஞ்சின் துறைமுகத்துக்குள் நுழையவும் காற்று செத்த நேரத்துக்கும் மட்டும்தான். பக்கவாட்டில் காற்று வாங்கினால் மணிக்கு ஆறு கடல் மைல் போகும், சுக்கானை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு டீ குடிக்கலாம். எதிர்க்காற்றில் சண்டித்தனம் செய்யும், ஆனால் பலமாக அடித்தால் தானாகவே மூக்கைக் காற்றுக்குத் திருப்பி நின்றுவிடும், அது நல்ல குணம். இளங்காற்றில் சுத்தச் சோம்பேறி.

கெட்ட புத்தி பின்காற்றில்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வந்தால் படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெளியும். பெரிய பாயின் அடியில் ஓர் ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு அலுமினியக் கட்டை இருக்கிறது, நாங்கள் அதைப் பருமல் என்போம். நெளியும்போது காற்று பாயின் மறுபக்கம் புகுந்துவிட்டால் பருமல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் தலை உயரத்தில் வீசும். எந்தப் பாய்மரப் படகிலும் இது நடக்கும், ஆனால் எங்கள் படகில் எச்சரிக்கையே இல்லாமல் நடக்கும். 2014-ல் என் தோளில் பட்டு எலும்பு விலகி ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். அதன் பிறகு பருமலின் நுனியிலிருந்து படகின் மூக்குவரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டும் பழக்கம் வைத்தோம், கட்டிவிட்டால் பருமல் வீச முடியாது. கயிற்றைக் கட்டுவது என் வேலை. ஒரு தடவைகூட அவர் கட்டியதில்லை, நான் கட்டாமல் ஒரு தடவைகூடப் பின்காற்றில் போனதில்லை. வேலை இல்லாத நேரத்தில் அது பருமலிலேயே சுருட்டித் தொங்கும். பார்த்தால் எதற்கும் உதவாத பழைய கயிறு மாதிரித்தான் இருக்கும்.

என் கணவர் 2023 அக்டோபரில் மாரடைப்பால் இறந்தார். ஒரு வருஷம் படகைத் துறைமுகத்தில் சும்மா கட்டி வைத்திருந்தேன். தனியாக ஓட்ட என் தோள் இடம் கொடுக்கவில்லை. அதன் பிறகு குடவாசலில் பழைய டிராக்டர், கார் விற்றுக் கொடுக்கும் ராம்கியிடம் சொன்னேன். அவர் விளம்பரத்துக்கு விவரம் கேட்டார். நீளம், வேகம், எஞ்சின் எல்லாம் சொன்னேன். குறை ஏதாவது உண்டா என்று அவர் கேட்கத்தான் செய்தார். வாங்க வருபவரிடம் நேரில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ராம்கி நீச்சல்கூடத் தெரியாதவர், பருமல் என்றால் அவருக்கு என்ன புரியும்?

19.01.2025 ஞாயிற்றுக்கிழமை ராம்கி, நீடாமங்கலம் பக்கத்து விவசாயி தங்கையனையும் அவர் மகன் இனியவனையும் அழைத்து வந்தார். இனியவனுக்கு வயது முப்பத்திரண்டு. கத்தாரில் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். "ஆறு வருஷம் அடுத்தவன் படகுக்குப் பெயிண்ட் அடிச்சேன், ஒருநாளும் ஏறிப் போனதில்ல" என்று ராம்கியிடம் சொன்னார். அன்று கொண்டல் காற்று, அதாவது கிழக்கிலிருந்து வந்தது. தெற்கே போனாலும் வடக்கே திரும்பினாலும் பக்கவாட்டுக் காற்றுதான், படகு தன் நல்ல குணத்தை மட்டும் காட்டும். நான்தான் சுக்கான் பிடித்தேன். இரண்டு மணி நேரமும் இனியவன் கேட்ட கேள்வி எல்லாம் ராம்கியைப் பார்த்துத்தான். ராம்கி என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன், ராம்கி அதையே திருப்பி அவருக்குச் சொல்வார். பத்தடிக்குள் உட்கார்ந்திருந்த என் குரல் அவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

திரும்பி வரும்போது தங்கையன், "இதுக்குக் கெட்ட பழக்கம் எதும் உண்டாப்பா? முட்டுறது, படுத்துக்கறது மாதிரி?" என்று ராம்கியிடம் கேட்டார். "பெரியவரே, இது படகு, மாடு இல்ல" என்று ராம்கி சிரித்தார். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அன்றைக்குக் கேட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி அதுதான். நான் பதில் சொல்லவில்லை. இடையில் பேச்சு மாறிவிட்டது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

24.01.2025 வெள்ளிக்கிழமை படகை ஒப்படைத்தேன். விலை பற்றியோ காகிதம் பற்றியோ யாருக்கும் தகராறு இல்லை. படகிலிருந்த என் கணவரின் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோது இனியவன் முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார். "இனிமே இந்தத் தொல்லையெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? நிம்மதியா ஜெபம் பண்ணிக்கிட்டு வீட்ல இருங்க" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூம்புகாரிலிருந்து ராமேஸ்வரம் வரை மூன்று தடவை அந்தப் படகில் போய் வந்தவள் நான்.

அதன் பிறகு தங்கையன் பையிலிருந்து மஞ்சள் தடவிய புதுக் கயிறு ஒன்றை எடுத்துப் படகின் மூக்கு வளையத்தில் கட்டினார். பிறகு பருமலில் சுருட்டித் தொங்கிய கயிற்றை அவிழ்த்தார். மற்ற கயிறுகள் பாயோடும் கப்பியோடும் பின்னிக் கிடந்ததால் அவற்றைத் தொடவில்லை. அவிழ்த்ததை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "மாடு வித்தா கயித்த வித்தவங்கதான் வச்சுக்கணும்மா. கயித்தோட ஓட்டிவிட்டா வீட்டு லட்சுமியும் கூடவே போயிடும்பாங்க. இது உங்க வீட்டுது, வச்சுக்கங்க" என்றார். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. நான் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் கொடுத்தார்.

நான் வாங்கிக்கொண்டேன். இது எதற்கான கயிறு என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. மறந்து போனதால் அல்ல. இந்தப் பையன் ஒருநாள் பின்காற்றில் போவான், பருமல் ஒரு தடவை சத்தத்தோடு வீசும், பயந்துபோய் எனக்குப் போன் செய்வான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போதாவது என்னைக் கேட்பான் அல்லவா? ஒன்பது நாள் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

02.02.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது. இனியவனோடு கத்தாரில் வேலை பார்த்த ஃபஹத் என்பவர் பேசினார். படகுக் காகிதத்தில் என் நம்பரைப் பார்த்ததாகச் சொன்னார். அன்று நல்ல வாடைக் காற்று, வடக்கிலிருந்து. இருவரும் காலையில் கிளம்பித் தெற்கே போயிருக்கிறார்கள், காற்று முழுக்கப் பின்னாலிருந்து. ஃபஹத் சுக்கான் பிடிக்க, இனியவன் வீட்டுக்குக் காட்டுவதற்காகப் போனில் படம் எடுக்க எழுந்து நின்றிருக்கிறார். பருமல் இடது நெற்றிப் பொட்டில் அடித்திருக்கிறது. ஃபஹத் பாயை இறக்கி, எஞ்சினைப் போட்டுத் தரங்கம்பாடிக்குக் கொண்டு சேர்த்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருக்கிறார். "ஆன்ட்டி, அந்தக் கட்டை ஏன் அப்படி வந்துச்சு?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். அது பொய்.

07.02.2025 வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பஸ் ஏறித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இனியவனுக்கு வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சு வரவில்லை, கண் மட்டும் ஆளைத் தொடர்ந்தது. முப்பத்தைந்து வருஷம் செவிலியராக இருந்ததால் எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று எனக்கு ஓரளவு தெரியும். தங்கையன் வெளி நடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நல்ல கயிறாப் பாத்துத்தான்மா வாங்கினேன், நல்ல நேரம் பாத்துத்தான் கட்டினேன். என் கைராசி என் புள்ளைய இப்படிப் பண்ணிருச்சு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே, சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கயிற்றை இன்று ஒப்படைத்திருக்கிறேன். பதினாறு அடி, ஒரு நுனியில் கொக்கி, என் கையால் போட்ட முடிச்சு.

இதை எழுதிவரும் உதவி ஆய்வாளர் பிரகதீஸ்வரி அவர்கள், "வாங்கியவரின் தந்தையே கயிறு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்" என்று ஒரு வரி எழுதி வாசித்துக் காட்டி, "இப்படி இருந்தா உங்களுக்கு நல்லதும்மா" என்றார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். தங்கையன் கொடுத்தது அது என்னவென்று தெரியாமல், நான் வாங்கிக்கொண்டது தெரிந்து. அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன், எழுதப்பட்டது.

எனக்கு ஒரு கோரிக்கை மட்டும் உண்டு. ராம்கியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தங்கையனை ஒருநாள் இங்கே வரவழைத்து இதை முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். அவர் கையில் ஒரு குறையும் இல்லை என்பதை அவர் சர்க்கார் காகிதத்திலிருந்து கேட்க வேண்டும். படிக்கும்போது நானும் எதிரே உட்கார்ந்திருப்பேன்.

வாசிக்கக் கேட்டேன். அடித்துத் திருத்திய ஒரு வரி உட்பட எல்லாம் நான் என் வாயால் சொன்னவை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ரெ. அருள்செல்வி

என் முன்னிலையில், வாக்குமூலம் கொடுத்தவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.
(ஒப்பம்) பிரகதீஸ்வரி, உதவி ஆய்வாளர்