மூன்று தட்டுக்கு மறுமொழி இல்லை

கோவில்பட்டிப் பொதுமக்களே, பிள்ளை பெற்றவர்களே, சாட்சிக்கு வாருங்கள்.

புரட்டாசி இருபதாம் நாள், சனிக்கிழமை, மாலை நாலரை மணி. இரயில்வே கேட்டை ஒட்டிய தொலைபேசிக் கூண்டிலிருந்து நான் சென்னைக்குப் பேசினேன். எதிர்முனையில் கோகுலகிருஷ்ணன் என்பவர். ‘சுடர்க்கொடி’ என்னும் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரின் பெயரில் வீடியோ கேம் கேசட் செய்து விற்கிறவர். அந்த வேளையில் நம் ஊரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டரை மணி நேரமாகக் காணாமல் போயிருந்தாள்.

தாம் அப்படியெல்லாம் பேசவே இல்லை என்று அவர் இன்று சொல்லுகிறார். நல்லது, அவர் வாயில் ஒரு சொல்லையும் நான் திணிக்க மாட்டேன். கூண்டுக்காரர் பூவனலிங்கம் அண்ணாச்சி கேட்டு நின்றார். அவர் சாட்சியோடு, என் வாயிலிருந்து வந்ததை மட்டும், வந்தபடியே அச்சிடுகிறேன். புள்ளி வைத்த இடமெல்லாம் மற்றவர்கள் பேசிய இடம்.

*

அலோ… அலோ, யாரு பேசுதது?… ஆமாம்மா, கோயில்பட்டில இருந்துதான். இப்ப பேசுனேன்லா, அதே ராதாமணிதான்… இல்லம்மா, ஒரு நிமிசம்னு சொல்லிப் பாட்டைப் போட்டுட்டுப் போயிராதீங்க. போன தடவை அப்பிடித்தான் பண்ணுனீங்க, முழுப் பாட்டையும் கேட்டாச்சு… மொதலாளி இருக்காவளா?… சாப்பிடுதாவளா? நாலரை மணிக்கா?… இலையில கை வச்சிருந்தாலும் எந்திரிச்சு வரச் சொல்லுங்க தாயி. இங்கன ஒரு பிள்ளையக் காணும்…

அலோ… வணக்கம் சார். நான் ராதாமணி, இங்க மாதர் மன்றத்துச் செயலாளர்… ஆமா, கேசட்டு விசயந்தான். நம்பரு அட்டைப் பின்னால இருந்துச்சு… ஓடலன்னா ஊதிட்டுப் போடணுமா? ஊதவும் வேண்டாம், தொடைக்கவும் வேண்டாம் சார். கேசட்டு நல்லாத்தான் ஓடுது. ஓடுனதுனாலதான் பேசுதேன்…

பிள்ளையக் காணும் சார். சந்தனமாரி. ஒம்பது வயசு. அவ அம்மா முத்துமாரியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கா. ரெண்டு மணிக்கு வெளையாடப் போன பிள்ளை… சொல்லியாச்சு, போலீசுக்கும் சொல்லியாச்சு. அவியளும் தேடுதாவ… உங்களுக்கு என்ன சம்பந்தமா? அதைச் சொல்லத்தான் சார் கூப்பிட்டேன். கேளுங்க…

ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு டிவில சுடர்க்கொடி வருதுல்லா… ஆமா, ஆமா, உங்க அட்டையில இருக்க அதே பொண்ணு. எந்தப் பிள்ளை எங்க மாட்டிக்கிட்டாலும் சுடர்க்கொடி தேடிப் போயி மூணு தட்டு தட்டுவா. உள்ள இருக்க பிள்ளை மூணு தட்டு திருப்பித் தட்டணும். தட்டுனா காப்பாத்திருவா. வாரா வாரம் இதான் கதை… சின்னப்பிள்ளைக் கதைதான், யாரு இல்லன்னா? போன வருசம் இங்க ஒரு பிள்ளை சரக்குக் கிட்டங்கிக்குள்ள நின்னது தெரியாம வெளிய பூட்டிட்டாவ. ஒரு பகல் முழுக்க உள்ள கெடந்துச்சு. தேடிப் போனவிய கதவுல மூணு தட்டு தட்டுனாவ. உள்ள இருந்து மூணு தட்டு வந்துச்சு. அதனால உசுரோட இருக்கு அந்தப் பிள்ளை. அன்னைக்கு நான் மேடை ஏறிச் சொன்னேன், ‘தாய்மார்களே, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஆயிரம் குப்பை உண்டு, குப்பைக்குள் ஒரு மாணிக்கமும் உண்டு, உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று தட்டைச் சொல்லிக் கொடுங்கள்’னு. தெருத் தெருவாச் சொன்னேன் சார்…

இருங்க, வாரேன், அங்கதான் வாரேன். அந்த மொகம் அட்டையில இருக்குன்னு நம்பித்தான் உங்க கேசட்டை வாங்குனேன். போன மாசம் பேச்சுப் போட்டியில மொதப் பரிசாக் குடுத்தேன். யாருக்குக் குடுத்தேன்? சந்தனமாரிக்கு… ஆமா. இந்தக் கையால.

இப்பச் சொல்லுங்க. உங்க கேசட்டுல மூணு தட்டு தட்டுதது யாரு?… யாரு சார்?… சத்தமாச் சொல்லுங்க, இங்க ரயில் போகுது…

பூதம்.

ம்… பூதம் வந்து மூணு தட்டு தட்டும். தட்டுனா சுடர்க்கொடி மூச்சு விடப்படாது. திருப்பித் தட்டுனா, அசைஞ்சா, ஒரு உயிர் போயிரும். அப்பிடித்தானே?… வெளிநாட்டுக் கேமா? இருந்த கேம்ல மொகத்தை எடுத்துட்டுச் சுடர்க்கொடி மொகத்தை ஒட்டி, பூதத்துக்குச் சேலையும் தமிழ் எழுத்தும் குடுத்தீங்களா… ஒரு வாரத்துல முடிச்சீங்களா? பெருமையாச் சொல்லுதீங்களே சார்! அந்த நாட்டுப் பிள்ளையளுக்கு மூணு தட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. எங்க பிள்ளையளுக்கு, ‘வெளிய ஆள் வந்துட்டு, நீ பிழைச்சே’ன்னு அர்த்தம். அதை ஒரு வாரத்துல கவுத்துட்டீங்க.

ரெண்டு மணி நேரமா ஊரே மூணு தட்டு தட்டிக்கிட்டுத் திரியுது சார். கதவுல தட்டுதாவ, தகரத்துல தட்டுதாவ, நிக்குத லாரியில எல்லாம் தட்டுதாவ. தண்டவாளத்துக்கு அடியில ஓடைத் தண்ணி போக அஞ்சு சிமெண்டுக் குழாய் போட்டிருக்கு. உள்ள முள்ளுச்செடி மண்டிக் கெடக்கு, டார்ச்சு அடிச்சா ஒண்ணுந் தெரியல, பெரிய ஆளு நுழையவும் முடியாது. முத்துமாரி அது வாயில நின்னு கருங்கல்லை வச்சுத் தட்டுதா… தட்டத் தட்ட அந்தப் பிள்ளை இன்னும் உள்ளதான் ஒடுங்கும். வெளங்குதா சார்? நாங்க தேடுத சத்தமே எங்க பிள்ளைய ஒளிச்சு வைக்குது…

அம்மா கூப்பிட்டா வந்துரும்னா சொல்லுதீங்க? உங்க பூதம் சேலை கட்டித்தானே சார் வருது! ‘வா கண்ணு, வா கண்ணு’ன்னு திரையில எழுத்து ஓடுதுல்லா! அதைப் பாத்துப் பாத்துப் பழகுன பிள்ளை, அம்மா வந்து ‘வா கண்ணு’ன்னா வெளிய வருமா?… பேபி சொன்னா சார். பேபின்னா, கூட வெளையாடுன பிள்ளை. கேசட்டுல உள்ள மாதிரியே ஒளிஞ்சு வெளையாடிருக்குதுவ. இவ எங்க ஒளிஞ்சான்னு அவளுக்கும் தெரியாது. ‘அத்தை, மூணு தட்டு தட்டாதீங்க, தட்டுனா அவ வரமாட்டா’ன்னு இப்பத்தான் அழுதுக்கிட்டே சொல்லுதா. ரெண்டு மணி நேரம் தட்டுனதுக்கு அப்புறம்…

ஒரு நிமிசம் சார். வைக்காதீங்க. ஆட்டோக்காரத் தவசி ஓடி வாரான்… ஏலே தவசி, என்ன?… குருமலைப் பக்கம் இருட்டிட்டா?… அங்க எறங்கிட்டா மழை?… எப்ப?… சரி சரி, நீ இங்கனயே நில்லு, எங்கயும் போயிராத.

சார். அங்க மலையில மழை பெய்யுது. கரிசக்காடு கொஞ்சந்தான் குடிக்கும், அப்புறம் அம்புட்டுத் தண்ணியும் ஓடைக்குத்தான் வரும். இந்தக் கூண்டுல நின்னு பாத்தா ஓடை தெரியுது. இப்பக் காஞ்சு கெடக்கு. அரை மணி நேரத்துல அப்பிடி இருக்காது…

அதனால எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பூதம் போயிட்டுன்னு அந்த கேம்ல சுடர்க்கொடிக்கு எப்பிடித் தெரியும்? எந்தச் சத்தம் கேட்டா வெளிய வருவா?… தெரியாதா?… நீங்க வித்த சாமான் சார்!… வெளையாண்டு பாக்கவே இல்லையா? ஒரு தடவை கூடவா?… நாங்க போட்டுப் பாக்கணுமா? கரண்டு போயி ஒரு மணி நேரமாச்சு… பேபிக்குத் தெரியாது, அவ மொதக் கட்டத்துலயே அவுட்டாயிருவாளாம். கடைசி வரைக்கும் போனவ சந்தனமாரி ஒருத்திதான்… அப்ப யாருக்குத்தான் தெரியும்?… இஞ்சினியரா? கூப்பிடுங்க அவரை… டீ குடிக்கப் போயிருக்காரா? ஆள விட்டுக் கூப்பிடுங்க. நீங்க போனைக் கீழ வைக்காதீங்க. பாட்டும் போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

…அண்ணாச்சி, மண் வாசம் வருதா?… எனக்கும் வருது.

அலோ… இருக்கேன் சார்… எதுக்கு இவ்வளவு கோவமா? கோவம் உங்க மேல மட்டும் இல்ல சார். பரிசு குடுத்த கை இது. கேசட்டை ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுக் குடுத்திருக்கணும், நானும் பாக்கல. அட்டையப் பாத்தேன், மொகத்தைப் பாத்தேன், கை தட்டச் சொன்னேன்… ஆனா நீங்க செஞ்சவரு. அந்தத் தொடரை ஒரு ஞாயித்துக்கெழமை ஒக்காந்து பாத்திருந்தாப் போதுமே! சுடர்க்கொடி ஒளியுத பொண்ணா? தேடுத பொண்ணு! வெளையாடுத பிள்ளை தட்டணும். எந்தச் செவுத்துக்குப் பின்னால இருந்து பதில் வருதுன்னு காதை வச்சுக் கேக்கணும். சரியான கதவைத் தொறக்கணும். அதுல இல்லாத வெளையாட்டா சார்? அதுல இல்லாத பயமா?… விக்காதா? அப்பிடி ஒண்ணைச் செஞ்சு வித்துப் பாத்தவன் யாரு?… வந்துட்டாரா? குடுங்க. குடுங்க!

தம்பி, வணக்கம்… ஆமா, சுடர்க்கொடி கேம்… கடைசிக் கட்டம். பூதம் எப்பப் போகும்?… என்னது?… கோழியா?… கோழி கூவுமா… கூவுனா விடிஞ்சிட்டுன்னு பூதம் ஓடிரும்… எத்தனை தடவை?… ரெண்டு. சுடர்க்கொடி வெளிய வந்து கைய ஆட்டுவா… சரி தம்பி. நீங்க நல்லா இருக்கணும். வைக்காதீங்க!

ஏலே தவசி! கோழி! கோழி மாதிரி கூவணும்! ரெண்டு தடவை!… சிரிக்காதல! வெளையாட்டா சொல்லுதேன்? எல்லாரையும் தட்டுதத நிப்பாட்டச் சொல்லு. முத்துமாரி கையில இருந்து அந்தக் கல்லைப் பிடுங்கு. குழாய்க் குழாயா நின்னு கூவு. ஓடு!

…இருக்கேன். யாரு, சாரா?… போயிருக்கான்… தட்டுத சத்தம் நின்னுட்டு. ரெண்டு மணி நேரம் கழிச்சு இப்பத்தான் நிக்குது…

கேக்குதா சார்? ரிசீவரை வெளிய நீட்டுதேன். கேளுங்க… தவசிதான். கூட ஒரு போலீஸ்காரரு. தொப்பியக் கழத்திட்டுக் கூவுதாரு… சிரிக்கணும்னா சிரிங்க… தூறல் விழுந்துட்டு. ஓடையில மேக்க நுரை தெரியுதுன்னு கத்துதாவ… ஆமா, ஆமா… சார், கொஞ்சம் பேசாதீங்க. பேசாதீங்க…

…வந்துட்டா.

மூணாவது குழாய்… முள்ளுக்குள்ள இருந்து வாரா… சட்டையெல்லாம் கிழிஞ்சு போயி வாரா. கணுக்கால் தண்ணியில நிக்கா சார். கைய ஆட்டுதா. கேம்ல ஆட்டுத மாதிரியே… முத்துமாரி தூக்கிட்டா. அடிக்கா. அடிச்சுட்டு முத்தம் குடுக்கா… அண்ணாச்சி, அந்தப் பிள்ளை என்னமோ கத்துதே, என்ன சொல்லுது?… என்னது?…

‘நான் ஜெயிச்சிட்டேன்’ங்காளாம் சார்.

நல்லதாப் போச்சா? என்ன நல்லதாப் போச்சு? அவ இருந்த குழாயில இப்பத் தண்ணி ஏறுது. பாத்துக்கிட்டே நிக்கேன்… வைக்காதீங்க. எங்க பக்கத்துல எத்தனை கேசட்டு போயிருக்கு?… விளாத்திகுளம்… ம்… ஓட்டப்பிடாரம்… புதியம்புத்தூர்… ஆமா, சொல்லுங்க… முந்நூறுக்கு மேலயா. அப்ப முந்நூறு வீட்டுல, தேடி வார ஆளு பூதம்னு பாடம் படிச்ச பிள்ளையள் இருக்கு. திருப்பி வாங்குங்க சார்… ஏன் முடியாது?… பிள்ளையளுக்குப் பிடிச்சிருக்கா… என்ன பாகம்?… ரெண்டாம் பாகமா? எப்ப வருது?… தீபாவளிக்கா… சரி, நில்லுங்க. அதுலயாவது மூணு தட்டை மாத்தி… மாத்தலையா? அதே பூதந்தானா?… அந்தக் கோழி?…

கோழிய எடுத்துட்டீங்களா?… எதுக்கு?… ரொம்ப லேசா இருக்குன்னு பிள்ளையள் சொல்லிச்சா…

அப்ப அதுல பிள்ளை எப்பச் சார் வெளிய வரும்?… இல்ல, சொல்லிட்டு வைங்க. எந்தச் சத்தத்துக்கு வெளிய வரும்?… சார்? எந்தச் சத்தத்துக்கு?… அலோ… அலோ…

*

எதிர்முனையில் ரிசீவரை வைத்துவிட்டார்கள். மூன்று முறை மீண்டும் அழைத்தேன். மணி அடித்தது, எடுப்பாரில்லை.

பெற்றோரே, இந்தத் தாளை மடித்துப் பையில் வைக்காதீர்கள். இன்று விளக்கேற்றும் முன், உங்கள் பிள்ளையை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே நின்று மூன்று முறை தட்டுங்கள். உள்ளிருந்து மூன்று தட்டு வந்தால் உங்கள் வீடு தப்பியது. ஒரு சத்தமும் வராவிட்டால், உள்ளே ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு உங்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறது. கதவைத் திறந்து அதை மடியில் வைத்துப் பேசுங்கள். அந்தக் கேசட்டைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். மேடையேறி அதைப் பரிசளித்தவள் நான். முதல் கேசட்டை நானே கொண்டு வருகிறேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, தொடர் ஓடுகிற அதே வேளையில், இரயில் நிலையத்தின் முன் கூடுவோம். முந்நூறையும் மூட்டையாகக் கட்டிச் சென்னைக்குப் போவோம். தீபாவளிக்கு அந்த இரண்டாம் பாகம் கடைக்கு வரக்கூடாது. சுடர்க்கொடி தேடுகிற பெண்ணாக இருக்கும் கேசட் ஒன்று வந்தாக வேண்டும். அவர்கள் கதவின் முன் மூட்டையை இறக்கிவிட்டு, மூன்று முறை தட்டுவோம். உள்ளிருந்து மறுமொழி வரும்வரை தட்டுவோம்.

வாருங்கள்.